நோலா அழுத்திய பச்சை

ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, தான் கொண்டுவந்த மசோதாவைத் தானே கொன்றாள் நோலா பெல்லெட்டியர். கொல்வதற்கு ஒரு விரலும் ஒரு நொடியும் போதுமானவையாக இருந்தன.

நோலாவுக்கு முப்பத்துநான்கு வயது. மாநிலத்தின் வடகோடியில், பெல்ரீவ் என்ற உருளைக்கிழங்கு ஊரில், பதினோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நவம்பர் தேர்தலில் நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, ஜனவரியிலிருந்து மாநிலத் தலைநகரில் பிரதிநிதிகள் சபையில் உட்காருகிறாள். சபை நடக்கிற மாதங்களில் அவளுடைய பேருந்தை அவள் கணவனின் தம்பி ஓட்டினான். அவன் பிரேக் போடுகிற விதம் சரியில்லை என்று குழந்தைகள் வாரம் தவறாமல் அவளுக்குப் புகார் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய மசோதா மொத்தம் ஒன்றரைப் பக்கம். குடும்பக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு இனி மாநில அரசே பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெல்ரீவில் அப்படி ஒரு நிலையம் இருந்தது. சலவைக்கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறை. கீழே துணி சுற்றும் சத்தத்தில் மேலே பரிசோதனைக் கட்டில் லேசாக அதிரும். கருத்தடை மாத்திரை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு ஆலோசனை, வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஆலோசனை என்று எல்லாவற்றையும் கெர்ட் வோசின் என்ற செவிலி ஒருத்தியே இருபத்தாறு வருடமாகப் பார்த்துவந்தாள். மத்திய அரசிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் போன இலையுதிர் காலத்தோடு நின்றுபோனது. ஜூன் முப்பதுக்குமேல் அந்த மாடிக்கதவு திறக்காது. அதன்பிறகு வடக்கே எந்தப் பெண்ணுக்கு எது வேண்டுமென்றாலும் காரில் மூன்று மணி நேரம் தெற்கே போக வேண்டும். கார் இருந்தால்.

நோலா பத்தொன்பது வயதில் அம்மாவிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு அந்தப் படிகளில் ஏறியவள். எட்டு வருடம் கழித்து, தான் வேண்டும் என்று நினைத்த காலத்தில் இரண்டு பிள்ளைகள் பெற்றாள். பிரச்சாரத்தின்போது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, பனியில் பூட்ஸ் நனைய நின்று, கெர்ட்டின் கதவை மூட விடமாட்டேன் என்றுதான் ஓட்டுக் கேட்டாள். வேறு பெரிய வாக்குறுதி எதுவும் அவளிடம் இல்லை.

அன்று காலை கெர்ட்டும் பெல்ரீவ் பெண்கள் ஏழு பேரும் விடியுமுன் கிளம்பி, ஐந்து மணி நேரம் வேன் ஓட்டிக்கொண்டு தலைநகருக்கு வந்திருந்தார்கள். பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில், கோட்டுகளை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தில் கை தட்டக்கூடாது, பேசக்கூடாது. அதனால் நோலா பேச எழுந்தபோது எட்டுப் பேரும் தலையை மட்டும் வேகவேகமாக ஆட்டினார்கள்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு தன் பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கும்படி பேசிப் பழகிய பழைய குரல் வந்து கைகொடுத்தது. பேசி முடித்து உட்கார்ந்தபோது முகம் கொதித்தது. தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்தைத் தவிர அவள் காதில் வேறு எதுவும் விழவில்லை. சபாநாயகர் மணியை அடித்து, வாக்களிக்கலாம், அறுபது நொடி என்றார். நோலா மேசையிலிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு மாடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அங்கேதான் விபத்து. அந்தச் சபையில் ஒரு மசோதா நேராக வாக்கெடுப்புக்கு வருவதில்லை. முதலில் அதை ஆராய்ந்த குழுவின் பரிந்துரை வரும். இந்த மசோதா நிறைவேறக் கூடாது என்று குழு பரிந்துரைத்திருந்தது. ஆகவே அப்போது சபையில் கேட்கப்பட்ட கேள்வி, குழு சொன்னதை ஏற்கிறீர்களா என்பதுதான். பச்சை என்றால் ஏற்கிறேன், மசோதா சாகட்டும். சிவப்பு என்றால் ஏற்கவில்லை, மசோதா பிழைக்கட்டும். அவர்கள் கட்சியின் கொறடா ரூத் அகார்ன் காலை எட்டு மணியிலிருந்து மேசை மேசையாகப் போய், இன்று சிவப்பு, மறந்துவிடாதே, சிவப்பு என்று தொண்டை வறள ஓதியிருந்தாள். நோலாவிடம் இரண்டு தடவை சொன்னாள். மசோதாவுக்குச் சொந்தக்காரியிடம் மூன்றாவது தடவை சொல்வது அவமரியாதை என்று விட்டுவிட்டாள்.

சுவரிலிருந்த பலகையில் எல்லா உறுப்பினர்களின் பெயருக்கும் பக்கத்தில் விளக்குகள் எரிந்தன. சபாநாயகர் வாக்கெடுப்பை முடித்தார். பச்சை எழுபத்துநான்கு. சிவப்பு எழுபத்துமூன்று. பெல்லெட்டியர் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை.

முதலில் பார்த்தது அவள் அல்ல, பக்கத்து இருக்கை ஆல்ட்டன் கிராக்கெட். அறுபது வயது உருளைக்கிழங்கு விவசாயி, எதிர்க்கட்சிக்காரர், அவளுக்கு அடுத்த தொகுதி. ஜனவரி முதல் அவளைச் சீண்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார். இப்போது சாய்ந்து உட்கார்ந்து பலகையைக் காட்டினார்.

"ஏம்மா பஸ்காரி, பச்சைன்னா போன்னு உனக்குச் சொல்லியா தரணும்? பாரு, போயிருச்சு."

நோலா பலகையைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். பிறகு மாடத்தைப் பார்த்தாள். கெர்ட் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மற்ற ஏழு பேருக்கும் இன்னும் விளங்கவில்லை. நோலாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிகிறதே, நல்லதுதானே என்கிற முகத்தோடு அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அந்தக் கையசைப்பைப் போலக் கொடுமையான ஒன்றை நோலா அதுவரை பார்த்ததில்லை.

சபாநாயகர், இரண்டு மணிக்கு மீண்டும் கூடுவோம் என்று சொல்லிச் சபையை மதிய உணவுக்கு ஒத்திவைத்தார். நாற்காலிகள் இழுபட்டன. ரூத் அகார்ன் நடுவழியில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். அடிக்க வருகிறாள் என்றே நோலா நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றாள். ஆனால் கிட்டே வந்த ரூத்தின் முகத்தில் கோபம் பாதியும், அடக்க முடியாத ஏதோ ஒரு குஷி பாதியுமாக இருந்தது.

"அழுதிடாத. அழ நேரமில்ல. நீ என்ன செஞ்சிருக்கேன்னு உனக்கே தெரியல."

மசோதாவைக் கொன்றுவிட்டேன் என்றாள் நோலா.

"அது சரி. ஆனா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் மறுபடி எண்ணுங்கன்னு எழுந்து கேக்க முடியும். நம்ம எழுபத்திமூணு பேரும் தோத்த பக்கம், வாயே திறக்க முடியாது. நீ ஒருத்திதான் ஜெயிச்சவ."

விதி அப்படித்தான் இருந்தது. அன்று சபை கலைவதற்குள், ஜெயித்த பக்கத்தில் வாக்களித்த உறுப்பினர் ஒருவர் மறுபரிசீலனை கேட்டால், சபை சம்மதித்தால், மொத்தமும் மறுபடி வாக்கெடுப்புக்கு வரும். சபை சம்மதிக்குமா என்று நோலா கேட்டாள். அதில் சந்தேகமே இல்லை என்றாள் ரூத். பொத்தானை மாற்றி அழுத்திவிட்டேன் என்று ஒருவர் எழுந்து நின்று ஒப்புக்கொண்டால், பரம எதிரியும் மறுக்க மாட்டான். அது அந்தச் சபையில் பழைய வழக்கம். நாளைக்கு அதே விபத்து தனக்கு நேரலாம் என்று எல்லோருக்கும் பயம் உண்டு.

அப்படியானால் பிழைத்தோம் என்று நோலா சொல்லி முடிக்குமுன் ரூத் சபைக்கு எதிர்ப்புறம் கண்ணைக் காட்டினாள். எதிர்க்கட்சித் தலைவர் வெண்டெல் ஸ்ட்ரவுட் ஜன்னலோரம் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவரும் பலகையைப் படித்திருந்தார். நோலா எழுந்து கேட்பாள் என்று அவருக்கும் தெரியும். அன்று சபைக்கு வராத தன் ஆட்களில் ஒருவரான பெர்சி ஹாப்குட்டை அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாப்குட் சாலைக் குத்தகைக்காரர். நாற்பது மைல் தள்ளி, வெள்ளத்தில் அரித்துப்போன பாலத்தில் வேலையாக இருந்தார். இரண்டு மணிக்குள் தாராளமாக வந்துவிடுவார். ஸ்ட்ரவுட்டின் இன்னொரு ஆள் மூடுபனியில் படகு கிளம்பாமல் ஒரு தீவில் மாட்டிக்கொண்டிருந்தார். ரூத்தின் பக்கத்திலும் இரண்டு பேர் இல்லை. ஒருவர் முழங்கால் அறுவைச் சிகிச்சையில், இன்னொருவர் சாவு வீட்டுக்காக வேறு மாநிலத்தில்.

ரூத் விரல்விட்டுச் சொன்னாள். நோலா இந்தத் தடவை சிவப்பு அழுத்தினால் நம் பக்கம் எழுபத்துநான்கு. ஹாப்குட் வந்துவிட்டால் அவர்கள் பக்கமும் எழுபத்துநான்கு. சமமானால் எதுவும் நிறைவேறாது. மசோதா நடுவில் தொங்கும், கூட்டத்தொடர் முடியும் நாளில் தானாகவே செத்துப்போகும்.

"அவங்க பக்கத்துல ஒருத்தர அசைக்கணும்," என்றாள் ரூத். "ஒருத்தர். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. உனக்கு யாரையாவது தெரியுமா?"

நோலாவுக்கு அந்தக் கட்சியில் பழக்கமானவர் ஒரே ஒருவர்தான். அவர் அடித்தள உணவகத்தில் அவரைக்கறியும் சிவப்புத் தொத்திறைச்சியும் சாப்பிடப் போயிருப்பார். வியாழக்கிழமை தோறும் அதுதான் அவர் சாப்பாடு.

படிகளில் இறங்கும்போது கெர்ட் எதிரே வந்தாள். நோலா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கெர்ட் அவளை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டு, கூட வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டதாகவும், அதில் இரண்டு பேர் அழுததாகவும், ஒருத்தி அசிங்கமாகத் திட்டியதாகவும், ஆனால் எல்லோரும் இரண்டு மணிக்கு மறுபடி மாடத்தில் இருப்பார்கள் என்றும் சொன்னாள். நோலா அவளுடைய கையைப் பிடித்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு இறங்கினாள். வாக்குச் சேகரிக்கும் கலை எதுவும் அவளுக்குத் தெரியாது. கெர்ட்டை ஒரு தடவை பார்த்தால் எந்த மனிதனும் அவள் கதவை மூடமாட்டான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

ஆல்ட்டன் கிராக்கெட் மூலை மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்ததைப் பார்த்து முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

தன்னிடம் சிவப்பு கேட்க வந்திருந்தால் வீண் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். போன வருடம் தன் ஊர்க் கூட்டத்தில், மாநிலத்துக்குப் புதிய செலவு எதற்கும் ஓட்டுப் போட மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர். சொன்னதை மாற்றினால் அந்த ஊரில் கிழங்கு விற்க முடியாது. நோலா, பெல்ரீவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம் என்று ஆரம்பித்தாள். அந்தச் சாலையை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் வெட்டினார். பிறகு கெர்ட்டைப் பார்த்தார்.

ஆல்ட்டனுக்கு ஒரு கிழங்குக் கொட்டகை இருந்தது. கிழங்கைத் தரம் பிரித்து மூட்டை கட்டும் வேலையில் பதினான்கு பெண்கள். பெல்ரீவ் நிலையத்திலிருந்து இருபது நிமிடத் தூரம்.

"என் கொட்டகையிலேர்ந்து யாராவது உங்ககிட்ட வர்றாங்களா?" என்று கேட்டார்.

வருகிறார்கள். நோலாவுக்கே தெரியும். அந்தக் கொட்டகைப் பெண்களின் பிள்ளைகள் அவள் பேருந்தில் ஏறுகிறவர்கள். சலவைக்கடைப் படியில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதைப் பதினோரு வருடமாகத் தன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்துவருகிறவள் அவள். பதினான்கில் ஒன்பது பேராவது இருக்கும். கெர்ட் அந்த ஒன்பதைச் சொன்னால் போதும். பெயர்கூட வேண்டாம், ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். மனிதர் கேட்கிறாரே, கதவைத் தானே திறந்து விடுகிறாரே என்று அவள் மேசைக்கடியில் கெர்ட்டின் முழங்காலை இடித்தாள்.

கெர்ட் தன் காபிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

"அத சொல்ல மாட்டேன்," என்றாள்.

யாரும் பெயர் கேட்கவில்லை, உண்டா இல்லையா என்று மட்டும்தான் கேட்கிறேன் என்றார் ஆல்ட்டன்.

"உண்டுன்னாலும் சொல்ல மாட்டேன், இல்லன்னாலும் சொல்ல மாட்டேன். நீங்க நாளைக்குக் கொட்டகைக்குள்ள நுழைஞ்சு பதினாலு மூஞ்சியையும் பாப்பீங்க. அப்ப அவங்களப் பத்தி உங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்கக் கூடாது."

நோலா மறுபடி இடித்தாள், இந்த முறை வலிக்கும்படி. கெர்ட் அசையவில்லை. அந்த ஒரு ஓட்டு கையை விட்டு நழுவுவதை நோலாவால் கண்ணால் பார்க்க முடிந்தது. தானே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். நாக்கு நுனிவரை வந்தது. ஒன்பது என்ற எண், அவ்வளவுதான். அப்போது பத்தொன்பது வயதில் அந்தப் படி ஏறியபோது முதுகில் ஊர்ந்த பயம் நினைவுக்கு வந்தது. யார் பார்த்தார்கள், யார் சொல்வார்கள் என்ற பயம். பதினைந்து வருடமாக யாரும் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்கு இன்றுவரை அது பல்வலிதான். நோலா வாயை மூடிக்கொண்டாள்.

ஆல்ட்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசைக்கடியில் நடந்த இடியையும் அவர் கவனித்திருக்க வேண்டும்.

"இவ உங்க முட்டியை உடைக்கப் பாக்குறா," என்றார் கெர்ட்டிடம். "ஒரு ஓட்டுக்காக. அப்பவும் வாயத் திறக்க மாட்டேங்குறீங்க."

"முட்டி என்னுது. அந்தப் பேச்சு என்னுது இல்லையே," என்றாள் கெர்ட்.

ஆல்ட்டன் மிச்சமிருந்த அவரையை நிதானமாக வழித்துச் சாப்பிட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சிவப்பு அழுத்த மாட்டேன், நம்பிக்கொண்டு இருக்காதே என்று நோலாவிடம் மறுபடி சொல்லிவிட்டுப் போனார். நோலா தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டாள். மரத்தில் கடுகுச் சாஸ் வாசனை அடித்தது.

இரண்டு மணிக்குச் சபை நிரம்பியது. பெர்சி ஹாப்குட் ஆரஞ்சு நிற வேலைச்சட்டையைக்கூடக் கழற்றாமல், முழங்கால்வரை சேறோடு வந்து, தன் இடத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்தார். ஸ்ட்ரவுட் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ரூத் நோலாவைப் பார்த்து, ம் என்றாள்.

நோலா எழுந்தாள். சபாநாயகர் அவள் பெயரைச் சொல்லி, எதற்காக எழுந்திருக்கிறீர்கள் என்றார். மறுபரிசீலனை கேட்க என்றாள். விதிப்படி அவர் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டார்: காலையில் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள்?

"ஜெயிச்ச பக்கம், மாண்புமிகு சபாநாயகர் அவர்களே. பச்சை. என் மசோதாவ நானே கொன்னுட்டேன். நான் பஸ் ஓட்டுறவ. பதினோரு வருஷமா பச்சையப் பாத்தா கிளம்பித்தான் பழக்கம்."

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு சபை முழுக்கச் சிரித்தது, இரண்டு கட்சியும். சபாநாயகரும் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார். மறுபரிசீலனைக்குச் சம்மதிப்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள் என்றபோது எழுந்த ஆம், மேற்கூரையில் முட்டித் திரும்பியது. மறுப்பவர்கள் என்று கேட்டபோது யாரும் பேசவில்லை. ஸ்ட்ரவுட்கூடப் பேசவில்லை, அவருக்கு ஹாப்குட் இருந்தார், கவலை இல்லை.

மணி அடித்தது. அதே கேள்வி. குழுவின் பரிந்துரையை ஏற்கிறீர்களா? அறுபது நொடி.

நோலா சிவப்பை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமல், இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் பெல்லெட்டியர் பக்கத்தில் சிவப்பு எரிந்தது. படித்தாள், மறுபடி படித்தாள். பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

ஆல்ட்டன் கிராக்கெட் எழுந்து நின்று தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எந்த விளக்கும் எரியவில்லை.

"காலு மரத்துப்போச்சு," என்றார், குறிப்பாக யாரிடமும் இல்லாமல். "ஒரு நடை போயிட்டு வரேன்."

அந்தச் சபையில் நடை என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு பக்கமும் ஓட்டுப் போட முடியாதவர், மணி அடிக்கும்போது எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், சுவரிலிருக்கும் பழைய ஆளுநர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொன்ன சொல்லும் உடையாது, ஓட்டும் விழாது. ஆல்ட்டன் இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நடை போனதில்லை. அதனால்தான் அவர் நடுவழியில், அவசரமே இல்லாமல், கதவை நோக்கி நடந்தபோது சபையில் பாதிப் பேர் பலகையை விட்டுவிட்டு அவர் முதுகைப் பார்த்தார்கள்.

ஸ்ட்ரவுட் பாதி எழுந்தார். ஓடிப்போய்த் தடுக்கலாம். ஆனால் அவரே இன்னும் வாக்களிக்கவில்லை. தலைவர் என்பதால் எப்போதும் கடைசியில் அழுத்துவது அவர் வழக்கம். கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நொடி. ஆல்ட்டன் என்று கூப்பிட்டார். ஆல்ட்டன் காது கேளாதவர் மாதிரி நடந்தார். பதினைந்து நொடி. ஸ்ட்ரவுட் இரண்டடி எடுத்து வைத்தார், திரும்பி வந்தார், பச்சையை ஓங்கிக் குத்தினார். கதவு ஆல்ட்டனுக்குப் பின்னால் மெல்ல ஆடி மூடியது.

நேரம் முடிந்தது என்றார் சபாநாயகர். பலகை உறைந்தது.

பச்சை எழுபத்துமூன்று. சிவப்பு எழுபத்துநான்கு. பரிந்துரை தோற்றது.

மாடத்தில் எட்டுப் பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். காவலர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தார்கள், உடனே மறுபடி எழுந்தார்கள். கை தட்டக்கூடாது என்பதால் ஒருத்தி தன் கோட்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அதற்குள் கத்தினாள். ஆனால் வேலை முடியவில்லை. இப்போதுதான் உண்மையான கேள்வி: மசோதாவை நிறைவேற்றலாமா? சபாநாயகர் உடனே மணியை அடித்தார்.

ரூத் அகார்ன் மரியாதையெல்லாம் மறந்து, மேசைகளுக்கு நடுவே ஓடி வந்தாள்.

"இப்ப பச்சை. நோலா, காதுல விழுதா? இப்ப பச்சை."

"கண்டிப்பா பச்சையா?" என்றாள் நோலா. விரலை இரண்டு பொத்தானுக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

"பச்சைம்மா," என்று மூன்று வரிசை தள்ளி எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சலித்துக்கொண்டார். "அழுத்தித் தொலை."

நோலா பச்சையை அழுத்தினாள். எழுபத்துநான்கு, எழுபத்துமூன்று. மசோதா நிறைவேறியது. ஸ்ட்ரவுட் தன் காகிதங்களை அடுக்கி முடித்துவிட்டு, சபையின் வழக்கப்படி நடுவழியைத் தாண்டி வந்து நோலாவுக்குக் கை கொடுத்தார். இனி அவளுக்கு எதிராக ஒரு வாக்கெடுப்பு வைத்தால் முதலில் அவளுடைய பொத்தான்களைக் கழற்றி வைத்துவிடப் போவதாகச் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஆல்ட்டன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தான் இல்லாதபோது ஏதாவது நடந்ததா என்று கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை என்றாள் நோலா. அவர் தலையாட்டிவிட்டு, மூன்றாவது ஆளுநருடைய படத்தில் மீசை கோணலாக இருக்கிறது, இருபது வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்றார்.

சபை அடுத்த மசோதாவுக்குப் போனதும் நோலா நழுவி மாடிப்படிக்கு ஓடினாள். எட்டுப் பேரும் படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்கள். மதியம் அசிங்கமாகத் திட்டியவள்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காவலர் இரண்டு தடவை உஷ் என்றார், மூன்றாவது தடவை அவரும் விட்டுவிட்டார். கெர்ட் மட்டும் ஓரமாக நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தோடு முடிந்ததா என்று அவள் கேட்டாள். இல்லை, செவ்வாய்க்கிழமை மேல்சபையான செனட்டுக்குப் போகும், அங்கும் நெருக்கமாகத்தான் இருக்கும் என்று நோலா சொன்னாள். கெர்ட் யோசித்தாள்.

"செனட்ல நீ ஓட்டுப் போட முடியாதில்ல?"

"முடியாது."

"அப்ப ஜெயிச்சிரும்," என்றாள் கெர்ட். "வா, பசிக்குது. அந்தாளு சாப்பிட்ட அவரைக்கறி பாக்க நல்லா இருந்துச்சு."